ஓம் என்றதால் வந்த ஊர்

ஆக்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலை, நான் இங்கிலாந்தின் ஓர் உப்பு ஊரைச் சேர்ந்தவன் என்று ஒரு பெண்மணி நம்பியதால் கிடைத்தது. அப்படி நான் சொல்லவே இல்லை. "ஓம்" என்று மட்டும்தான் சொன்னேன். யாழ்ப்பாணத்தானுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. மற்றவர் சொல்வது விளங்கினால் ஓம், விளங்காவிட்டால் அதைவிடப் பலமாக ஓம், மேலே சொல்லுங்கோ என்பதற்கும் ஓம். இப்படிப்பட்ட ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகிறவன் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரின் மேற்குப் புறநகரான ரானுயியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில், மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பியோடு குடியிருந்தேன். என் மனைவியும் ஐந்து வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அந்த அறையின் சன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். மகள் அந்தச் சுவரில் சோக்கட்டியால் படம் கீறுகிறாள் என்று மனைவி எழுதியிருந்தாள். இவர்களை இங்கே கூப்பிட எனக்கு ஒரே ஒரு தாள் தேவைப்பட்டது: இவருக்கு என்னிடம் நிரந்தர வேலை உண்டு என்று ஒரு முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் லொட்ஜுக்குத் தொலைபேசி எடுப்பேன். நான் சுகமா என்று கேட்பதற்கு முன்பே மனைவி, "கடிதம் தந்திட்டினமோ?" என்பாள்.

நகர மையத்தில், ஒரு வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்தப் பயண முகவர் அலுவலகம். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வயது போன காலத்தில் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வர டிக்கெட் எடுக்கும் இடம். முதலாளியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உப்புத் தொழிலிலா வேலை செய்தாய் என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் ஆனையிறவு உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்ததை எழுதியிருந்தேன். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் கேட்ட எதுவும் எனக்கு விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் வேறு. இவர் சொற்களின் தலையை வெட்டிவிட்டுத்தான் வெளியே விட்டார். என்னவோ கேட்டார், ஓம், ஓம் என்றேன். இன்னும் ஏதோ கேட்டார். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணுக்கு மரியாதையாக, மெதுவாக, "ஓம்" என்றேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஓம்" என்றார்.

வெள்ளைக்காரி தமிழ் கதைக்கிறாளே என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று. திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரக் கடிதம் தருவேன் என்றும் சொன்னார். அது மட்டும் எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது.

முதல் வாரம் முழுக்க எனக்குக் குழப்பம். வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் என்னைக் காட்டி, இவரும் நம் ஊர்க்காரர் என்றார். மாலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு, நான் ஓம் போகிறேன் என்றார். இதை ரானுயியில் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாவின் ஊர்ப்பக்கத்து ஆங்கிலத்தில் 'ஹ' என்ற எழுத்தே கிடையாதாம். 'ஹோம்' என்பதை 'ஓம்' என்றுதான் சொல்வார்களாம்.

"அவங்க ஊர்ப் பேரச் சொல்லி, அது உங்களுக்கு என்னன்னு கேட்டிருப்பாங்க. நீங்க வீடுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க சார்" என்றான். "ஆமான்னு சொல்லியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

ஆமா என்று சொல்லியிருந்தால் வேலையும் வந்திருக்காது என்று அவன் வாயை அடைத்தேன். ஆனால் அவர் என்னைத் தன் ஊர்க்காரன் என்று நம்பித்தான் வேலை தந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நிறத்தையும் மூக்கையும் பார்த்த பிறகும் அவர் எப்படி நம்பினார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த ஊரின் இரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பல நாட்டு இளைஞர்கள் பயிற்சிக்கு வந்து போவார்களாம். அவர்களில் ஒரு குடும்பம் தங்கிவிட்டது என்று எனக்காக அவரே ஒரு வரலாறு உண்டாக்கிக்கொண்டார். விண்ணப்பத்தில் ஆனையிறவு ஆங்கிலத்தில் 'எலிபன்ட் பாஸ்' என்று இருந்ததல்லவா? அது ஆனைப் பெயருள்ள ஏதோ ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து என்று முடிவு கட்டிவிட்டார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் நினைத்துக்கொண்டு போனேன். மூன்று மாதம்தானே, கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நான் கோழை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சொல்லாமல் இருப்பதென்றால் அந்த ஊரைப் படித்தாக வேண்டும். அலுவலகத்தின் பின்னறையில் அந்த ஊரின் சுற்றுலாப் பிரசுரங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் புட்டும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சாப்பிட்டபடி அவற்றை மனப்பாடம் செய்தேன். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உப்பு என்பது கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் விட்டு எடுப்பது. மழைதான் அதற்குச் சத்துரு. இவர்களோ ஆண்டு முழுக்க மழை பெய்கிற இடத்தில், நிலத்துக்கடியில் கிடந்த உப்பைக் கரைத்து உறிஞ்சி, பெரிய இரும்புத் தட்டங்களில் விட்டு, கீழே நிலக்கரி எரித்துக் காய்ச்சியிருக்கிறார்கள். ஊரைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்த உப்புத்தான். அதை எடுத்து விற்றால் ஊர் என்ன செய்யும்? தாண்டு போயிற்று. தெருக்கள் உள்ளே இறங்கின. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. இறங்கிய இடங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாயின. அதற்கும் அவர்கள் அசரவில்லை. இனிமேல் கட்டுகிற வீடுகளை மரச்சட்டத்தில் கட்டுவோம், இறங்கினால் காருக்கு வைப்பது போல ஜாக்கி வைத்துத் தூக்குவோம் என்று தீர்மானித்து, அப்படியே தூக்கியும் இருக்கிறார்கள்.

போதாததற்கு, கீழே ஓடும் ஆற்றிலிருந்து மேலே ஓடும் வாய்க்காலுக்குப் படகுகளை ஏற்றி இறக்க ஒரு லிப்ட். தண்ணீர்த் தொட்டியோடு, தொட்டிக்குள் படகோடு, படகுக்குள் ஆட்களோடு தூக்குமாம். படத்தைப் பார்த்தபோது பெரிய இரும்புக் கட்டில் ஒன்றை ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்தது போலிருந்தது. அதுவும் பல வருடங்களாகத் துருப்பிடித்து நின்றுவிட்டது. நின்றுபோன லிப்டையும், மூடிய உப்பாலையையும், இறங்கிய ஊரையும் பார்க்கத்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் பூமியின் மறுபக்கத்துக்குப் பறந்தார்கள். முதலாளியம்மா விடமாட்டார். லண்டனுக்கு டிக்கெட் கேட்டு வருகிறவருக்கும் அந்த ஊரில் மூன்று நாள் கட்டாயம் உண்டு.

பிரசுரங்களில் இருப்பதோடு நான் நிறுத்தியிருந்தால் பிழை வந்திருக்காது. ஆனால் வாடிக்கையாளர்கள் பிரசுரத்தில் இல்லாததைத்தான் கேட்டார்கள். உப்புக்குள் நின்று வேலை செய்கிறவர்களின் கால் வெடிக்காதா என்று ஒரு அம்மா கேட்டார். வெடிக்கும், அதனால் காலையில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது ஆனையிறவு. முதலாளியம்மா பக்கத்து மேசையில் இருந்து இதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வேறொருவரிடம், தன் அப்பாவும் அப்படித்தான் எண்ணெய் பூசிக்கொண்டு போவார் என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

நகரின் கிழக்குப் புறநகரான பக்குரங்காவிலிருந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். பறவை பார்ப்பதில் பைத்தியம். ஏரிகள் என்றால் பறவைகள் இருக்குமே என்றார். இருக்கும் என்றேன். என்ன பறவை என்றார். என் கண்ணுக்கு முன்னால் ஆனையிறவுக் களப்பு, எங்கள் உப்பளத்துக்குப் பக்கத்துக் கடலேரி, வந்து நின்றது. பூநாரை, நீளக் கால், இளஞ்சிவப்பு, ஆயிரக்கணக்கில் வரும் என்றேன். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது எந்த நாட்டுப் பறவை என்று உறைத்தது. அவர் அன்றைக்கே புதுத் தொலைநோக்கி வாங்கப் போய்விட்டார்.

மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது முதலாளியம்மா பக்குரங்காவில் ஒரு சமூக மண்டபத்தை ஞாயிறு பிற்பகலுக்கு ஏற்பாடு செய்தார். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்தவர்கள் வருவார்கள். நான் திரையில் படம் காட்டுவேன், நீ ஞாபகங்களைச் சொல் என்றார். ஓம் என்றேன். அந்தச் சொல்லை என்னால் விடவே முடியவில்லை.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். லிப்ட் வந்தது, சொன்னேன். சாய்ந்த வீடுகள் வந்தன, சொன்னேன். பத்து நிமிடத்தில் பிரசுரம் தீர்ந்துவிட்டது. படங்கள் தீரவில்லை. வேறு வழியில்லாமல் என் உப்பளத்தைச் சொல்லத் தொடங்கினேன். விடியற்காலையில் பாத்தியில் உப்புப் பூத்துக் கிடக்கும் வெள்ளை, காற்றில் உதட்டில் ஒட்டும் கரிப்பு, சம்பள நாளில் வாசலில் நிற்கும் தேநீர்க்காரன், வேலை முடிந்து போகும் ஆட்களின் சைக்கிள் மணிகள். அது இப்போது இல்லை, உப்பு எடுத்த இடத்தில் முள்ளுக்கம்பிதான் இருக்கிறது, இனி யாரும் அங்கே போக முடியாது என்றேன்.  முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்படியேதான், அப்படியேதான் என்று தலையாட்டினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருவரைத் தவிர. தபால்காரர் ஊர் போய்த் திரும்பியிருந்தார். எழுந்து நின்று, மூன்று நாள் அந்த ஏரிக்கரையில் மழைக்குள் உட்கார்ந்திருந்தேன், வாத்தைத் தவிர எதையும் காணவில்லை, பூநாரை எங்கே என்று கேட்டார். அருங்காட்சியகத்தில் கேட்டதற்கு அவர்கள் தன்னை ஒரு மாதிரிப் பார்த்தார்களாம். நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.  போச்சு, கடிதம் போச்சு என்று மட்டும் நினைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு கிழவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். தொண்ணூறு வயதிருக்கும். அந்த ஊரிலேயே பிறந்து, உப்புத் தட்டங்களில் வேலை செய்தவராம்.

"என் காலத்தில் இருந்தன" என்றார். "இளஞ்சிவப்பு."

கைதட்டல் எழுந்தது. இந்தக் காலத்தில் எதைத்தான் பாதுகாக்கிறார்கள் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். தபால்காரர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான் செய்தது அநியாயம். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலை முதலாளியம்மா கடிதத்தை என் மேசையில் வைத்தார். மின்சாரத் தட்டச்சில் தானே அடித்திருந்தார். நிரந்தர வேலை, முழுநேரம், கையெழுத்து, எல்லாம் சரி. கடைசியில் அவர் அன்பு மிகுதியால் சேர்த்த ஒரு வரி இருந்தது: இவரும் நானும் இங்கிலாந்தில் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பதை உறுதிப்படுத்துகிறேன்.

என் விசா விண்ணப்பத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மனைவியின் திருமணப் பத்திரத்திலும் யாழ்ப்பாணம். இந்தக் கடிதத்தையும் அவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு அனுப்பினால் குடிவரவு அதிகாரி என்னை என்னவென்று நினைப்பார்? ஒரு பொய்யன் கூப்பிடுகிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் யார் விசா கொடுப்பார்கள்? அன்று ரானுயியில் தம்பி வெள்ளை மையை எடுத்துக்கொண்டு வந்து, அந்த ஒரு வரியை மட்டும் பூசிவிடலாம் சார் என்றான். நான் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி மூடினேன். அந்தச் சுவரில் படம் கீறுகிற பிள்ளையை நினைத்தேன். எத்தனை பூச்சுத்தான் பூசுவது என்று வெறுத்துப் போயிற்று.

அடுத்த நாள் அலுவலகம் திறந்ததும் அவர் முன்னால் போய் நின்று, கதிரையில் உட்காராமலே சொன்னேன். நான் அந்த ஊர் இல்லை. அந்த ஊருக்குப் போனதும் இல்லை. இங்கிலாந்தையே பார்த்தது இல்லை. எங்கள் மொழியில் ஓம் என்றால் ஆமோதிப்பது, அவ்வளவுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, எல்லாவற்றுக்குமா அதைச் சொல்வீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும்தான் என்றேன்.

"அன்றைக்கு நேர்முகத்தில், திரும்பிப் போக முடிந்தால் போவாயா என்று கேட்டேனே?"

"அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான்." பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அது உண்மை, ஊர்தான் வேறு என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, வாடிக்கையாளர்களுக்குத் தெரிய வேண்டாம், தான் மூன்று வயதில் கப்பலேறிவிட்டதாகச் சொன்னார். அந்த ஊரில் ஒரு தெருகூட ஞாபகம் இல்லை. திரும்பிப் போனதும் இல்லை. விமானத்தில் ஏறப் பயம். இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் பின்னறைப் பெட்டியில் இருந்த அதே பிரசுரங்கள். அந்தப் பேச்சு மட்டும் அப்பா அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அங்கே வேலை செய்த ஒருவன் வந்து தன் முன்னால் உட்கார்ந்தபோது, இனி இவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கண் கலங்கியதாம்.

பயணச்சீட்டு விற்கிற அம்மாவுக்கு விமானத்தில் பயம். உப்பு ஊருக்கு வழி சொல்கிற எனக்கு அந்த ஊரே தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று மாதத்தில் எத்தனை பேரை அங்கே அனுப்பியிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வேலை போய்விடுமோ என்று அடக்கினேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

"எண்ணெய்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் என்றேன்.

"பூநாரை?"

அதுவும் எங்கள் ஊர், அது மெய்யாகவே வரும் என்றேன். எங்கேயாவது வந்தால் சரி என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். கடைசி வரியை எடுத்துவிட்டு, இவருக்கு உப்புத் தொழிலில் பன்னிரண்டு வருட அனுபவம் என்று அடித்தார். பயண முகவர் அலுவலகத்துக்கு உப்பளக்காரன் எதற்கு என்று பிறகு அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, அந்த ஊரைப் பற்றியும் லிப்டைப் பற்றியும் அவர் முக்கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தார். அதிகாரி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தபால்காரருக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து விசா வந்தது. என்னிடம் கார் இல்லை என்பதால் முதலாளியம்மா தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வரப் பயந்து கார் நிறுத்துமிடத்திலேயே நிற்பதாகச் சொன்னவர், கடைசி நேரத்தில் மனம் கேட்காமல் வாசல்வரை வந்தார்.

மனைவி மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நானும் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, நான் கூப்பிடக் கூப்பிடப் பின்னால் பின்னால் போனாள். வருகிற வழியெல்லாம் ஆங்கிலம் கேட்டுக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறாள், ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

முதலாளியம்மா முழங்காலை மடித்து, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். வீட்டுக்குப் போவோமா என்று தன் ஊர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்வியின் கடைசிச் சொல் மட்டும் பிள்ளையின் காதில் பட்டது.

"ஓம்?"

மகள் சேலையை விட்டாள். நிமிர்ந்து பார்த்து, "ஓம்" என்றாள்.